கொக்கி வைத்த துவி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கரியமாணிக்கம் மூன்று பெண்களை ஒரே பெண்ணாக்கினார். மந்திரம், மருந்து ஒன்றும் கிடையாது. ‘ஆம்’ என்ற பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார், அவ்வளவுதான். அன்று பத்து மணிக்கு வர வேண்டிய ஐஸ் காபி வரவில்லை என்பதைத் தவிர, தம் தரப்பில் சொல்ல அவரிடம் வேறு நியாயம் இல்லை.

வியட்நாமின் பின் யுவோங்கில், தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்தது அந்த ஆலை. பட்டை, மிளகு, அன்னாசிப்பூ எல்லாம் வாங்கிச் சுத்தம் பண்ணி, மூட்டை கட்டிக் கப்பலேற்றுவார்கள். முதலாளிகள் சென்னைக்காரர்கள். ஆலையில் காகிதத்தில் நடந்துகொண்டிருந்ததை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதற்காக மூன்று வருஷத்துக்கு முன்பு அனுப்பப்பட்டவர் கரியமாணிக்கம். அவருடைய விசா, சைகோனில் பூ மி ஹங் பகுதியில் பதினோராம் மாடி வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்தச் சிஸ்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தன.

சிஸ்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது. சரக்கு வேண்டும் என்று எழுதுகிற கை வேறு, வந்த சரக்கைப் பார்த்து வாங்குகிற கை வேறு, இரண்டையும் ஒப்பிட்டுப் பில்லை விடுகிற கை வேறு. ஒரு கை தப்புப் பண்ணினால் அடுத்த கை பிடித்துக்கொள்ளும். இதை விளக்க அவர் பயிற்சி நாளில் படம் வரைந்து காட்டினார். படத்தில் மூன்று கைகள். மூன்றும் முருங்கைக்காய் மாதிரி இருந்தன என்பது வேறு விஷயம்.

ஆலையில் அந்த மூன்று கைகளுக்கும் ஒரே பெயர் அமைந்ததுதான் விதி. மூவரும் நுயென் தி துவி. ஒரே பெயர் என்று நமக்குத்தான் தோன்றும். அவர்கள் எழுத்தில் ஒருத்தியின் பெயருக்கு மேலே ஏறு கோடு, ஒருத்திக்கு இறங்கு கோடு, ஒருத்திக்குத் தலையில் சின்னதாக ஒரு கொக்கி. கூப்பிடும்போது ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று வளைந்து திரும்பும். நமக்கு வலி, வளி, வழி எப்படியோ அப்படி. கொள்முதலில் ஏறு துவி, கணக்கில் இறங்கு துவி, கிடங்கில் கொக்கி துவி.

சிஸ்டம் வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் ஏற்கும். மேலே கோடு, கொக்கி எதுவும் அதற்குச் செரிக்காது. கரியமாணிக்கம் முதல் துவியை ஏற்றினார். இரண்டாம் துவியை ஏற்றும்போது, “இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவரையே வைத்துக்கொள்ளலாமா?” என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. தாம் இப்போது ஏற்றுகிறவளைத்தான் சொல்கிறது என்று நினைத்து ஆம் போட்டார். மூன்றாவதற்கும் கேட்டது. மூன்றாவதற்கும் ஆம்.

பதினொரு மணிக்கு அது பதறிப்போய், ஒரே ஆளே சரக்குக் கேட்டு, வாங்கி, பில்லும் விடலாம் என்று இருக்கிறதே, இது சரியா என்று சிவப்பில் எச்சரித்தது. சோதனை நாள்களில் இப்படி நூறு எச்சரிக்கை பார்த்தவர் அவர். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி அந்த எச்சரிக்கையையே அணைத்து வைத்தார். அந்த ஒரு வாரம் நான்கு மாதம் ஓடியது.

மூவருக்கும் ஒரே கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, “மாத்திக்குங்க,” என்றார். “யா,” என்றார்கள். ஒருத்தியும் மாற்றவில்லை. ஒருத்தி மாற்றியிருந்தால் மற்ற இருவருக்கும் கதவு அடைத்திருக்கும், குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை சென்னையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ராமாமிர்தம். கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிற மனிதர்.

“காரியமாணிக்கம், யாரு இந்த என்.டி. துய்?”

கரியமாணிக்கம் பல்லைக் கடித்தார். ஆங்கிலத்தில் எழுதினால் கரியவுக்கும் காரியவுக்கும் வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘யார் வீட்டுக் காரியம்டா?’ என்று ஆரம்பித்த கேலி, நாற்பத்தாறு வயதிலும் சம்பளச் சீட்டு வரை வந்துகொண்டிருந்தது. ஆலையில் ‘அன் காரி’ என்று கூப்பிட்டார்கள். அன் என்றால் அண்ணன். காரி என்றால் அவர்கள் மொழியில் மசாலாக் குழம்பு.

“துவி சார். இங்க சாதாரணப் பேரு.”

“சாதாரணப் பேரா இருக்கலாம், அசாதாரணப் பொம்மனாட்டியா இருக்காளே. அவளே சரக்குக் கேக்கறா, அவளே வாங்கறா, அவளே பில்லு விடறா. அந்த அறுபது மூட்டை அன்னாசிப்பூவும் அவ கைதான். நனைஞ்சு வந்ததை நல்ல சரக்குன்னு வாங்கியிருக்கா. அது மத்ததோட கலந்து, பூஞ்சை பிடிச்சு, முழுசும் துறைமுகத்துலேர்ந்து திரும்பி வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவளை அனுப்பிடுங்கோ.”

அப்போதுதான் கரியமாணிக்கத்துக்குக் காபி வராத அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. சார், அது ஒருத்தி இல்லை, மூன்று பேர், ஒன்றாக்கியது நான் என்று சொல்ல ஐந்து நொடி போதும். அவர் வாயைத் திறந்தார்.

“பார்க்கிறேன் சார்,” என்றார்.

மறுநாள் காலை மனைவி அலமேலு இட்லித் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தீகளே, என்ன?”

“ஆபீஸ்ல ஒரு பிரச்சினை. ஒரு பொண்ண அனுப்பணுங்குறாங்க.”

“தப்பு அந்தப் பொண்ணு மேலயா?”

“அதாவது... ஒரு வகையில பார்த்தா சிஸ்டத்துல...”

“ஒங்க மேலயா?”

“பார்க்கணும்.”

“என்னத்தப் பார்க்கணும்? ஆமாவா, இல்லையா? ஒங்ககிட்ட ஒரு நேரான பதில வாங்குறதுக்குள்ள இட்லி ஆறிப்போயிரும்.” ஆறித்தான் போயிருந்தது.

கம்பெனி வேனில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் மோட்டார் சைக்கிள் வெள்ளம். வேனுக்குள் கரியமாணிக்கம் ஒரு திட்டம் போட்டார். முதலில் அந்த அறுபது மூட்டையை எந்தத் துவி ஏற்றுக்கொண்டாள் என்று கண்டுபிடிப்பது; கடவுச்சொல் ஒன்றே என்பதால் மூவரில் யாரும் அழுத்தியிருக்கலாம். உண்மையிலேயே ஒருத்தி தப்புப் பண்ணியிருந்தால் அவள் போகட்டும். அப்புறம் மூன்றை ஒன்றாக்கிய விஷயத்தைச் சத்தமில்லாமல் சரி பண்ணிவிடலாம். திட்டம் கோழைத்தனமானது என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் திட்டம் என்று ஒன்று இருப்பது வேனில் உட்கார உதவியது.

முதலில் ஏறு துவி. “அந்த அறுபது மூட்டையை ஏற்றுக்கொண்டது நீங்களா?” என்று தமக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் கேட்டார்.

“யா,” என்றாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குறிப்பேட்டில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று கணக்குப் பிரிவுக்குப் போய் இறங்கு துவியிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

“யா.”

எழுதிய பேனா நின்றது. கிடங்குக்குப் போனார். அன்னாசிப்பூ வாசனை தொண்டையில் ஒட்டியது. கொக்கி துவிக்கு நாற்பது வயதிருக்கும். பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றாள். கேட்டார்.

“யா,” என்றாள். நோட்டைப் பிரிக்கப் போனாள். அதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. வேண்டியதைவிட இரண்டு அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு மூன்று வாக்குமூலம் போலீஸ்காரர்களுக்குக்கூட அமைவதில்லை.

ஆபீஸ் அறையில் ரோஸ் என்பவள் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் முள் அடித்துக்கொண்டிருந்தாள். நிர்வாகப் பொறுப்பு அவளுடையது. அறுபதை நெருங்குகிறவள். தகப்பன் காரைக்காலிலிருந்து வந்தவர், அம்மா சைகோன்காரி. எழுபத்தைந்தில் போர் முடிந்த பிறகு சொந்தபந்தமெல்லாம் விமானம் ஏறியபோது இந்தக் குடும்பம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. தகப்பன் பேசிய தமிழ் ரோஸிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க அக்கா,” என்று நாற்காலியில் விழுந்தார்.

“என்னத்த?”

“அறுபது மூட்டைய வாங்குனது நாந்தான்னு. மூணு பேரும்.”

“என்ன வார்த்தை சொன்னாங்க தம்பி?”

“யா-ன்னு சொன்னாங்க.”

ரோஸ் முள் அடிக்கும் இயந்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு மேசை மேல் கவிழ்ந்து, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தாள்.

“யா-ன்னா ஆமா இல்ல தம்பி. எங்கப்பா கதை சொல்றப்ப நாங்க உம் கொட்டுவோம், அதான் இது. காதுல விழுது, மேல சொல்லுங்கன்னு அர்த்தம். மரியாதைக்குச் சொல்றது.”

“அப்ப ஆமாவுக்கு என்ன?”

“மொதல்ல யா. அப்புறம் ஆமாவோ இல்லையோ, அது பின்னாடி வரும். நீங்க பின்னாடி வர்ற வரைக்கும் நின்னீங்களா?”

நிற்கவில்லை. மூன்று வருஷமாக நிற்கவில்லை. பயிற்சி வகுப்பில் “புரியுதா?” என்று கேட்டு, முப்பது பேர் “யா” என்றதும் அடுத்த படத்துக்குத் தாவியவர் அவர். ‘பயனாளர் ஏற்பு நூறு விழுக்காடு’ என்று சென்னைக்கு அறிக்கை அனுப்பி, பாராட்டுக் கடிதம் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தார். முப்பது பேர் உம் கொட்டியதற்குச் சட்டம்.

“இத ஏன் அக்கா மூணு வருஷமா சொல்லல?”

“நீங்க கேக்கலியே. யார் என்ன சொன்னாலும் தலைய ஆட்டிக்கிட்டே போனீங்க. சரி, புரோவுல புதுசா வந்த பெரிய மனுஷன், எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.” புரோ என்றால் அவளுக்கு ஆபீஸ். “அது கிடக்கட்டும். துவியை நாளைக்கு அனுப்புறாங்களாமே. எந்தத் துவி?”

“அதத்தான் கண்டுபிடிக்கணும்.”

“மூணுல ஒண்ணா? சீட்டுக் குலுக்கப் போறீங்களா? குலுக்கினா கிடங்குத் துவி பேருதான் வரும், எனக்குத் தெரியும். பதினாலு வருஷமா இருக்கா. அவ சம்பளத்துலதான் கூடப் பொறந்தவ நர்ஸுக்குப் படிக்குது. நேத்தே மேசையெல்லாம் துடைச்சு வெச்சிட்டா. கிளம்பச் சொல்லிருவாங்கன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.”

சொல்லிவிட்டு ரோஸ் மறுபடி முள் அடிக்க ஆரம்பித்தாள். டக், டக் என்று ஒவ்வொன்றும் அவர் மண்டையில் விழுந்தது.

கரியமாணிக்கம் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுகொண்டு சென்னைக்குப் போன் போட்டார். ஏன் மாடிப்படிக்கு அடியில் என்று கேட்டால், அங்கேதான் சிக்னல் கொஞ்சம் மோசம். நடுவில் அறுந்துபோனால் தேவலை என்று ஒரு நப்பாசை. அறுந்துபோகவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கணீரென்று கேட்டது.

“சொல்லுங்கோ காரியமாணிக்கம்.”

“சார், அந்தத் துவி ஒரு பொண்ணு இல்ல. மூணு பொண்ணு. மூணு பேரையும் ஒரே ஆளா சிஸ்டத்துல ஏத்தினது நான்.”

அந்தப் பக்கம் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியிருக்க வேண்டும்.

“ஒரே ஆள் எல்லாம் பண்ணினா கத்துமே சிஸ்டம்.”

“கத்திச்சு சார். நான்தான் அணைச்சு வெச்சேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வாரத்துக்குன்னு நெனச்சு... நாலு மாசம்.”

“நேத்து கேட்டப்போ ஏன் சொல்லலை?”

“பயந்துட்டேன் சார்.”

ராமாமிர்தம் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. “சரி. பேருக்காக யாரையும் அனுப்ப வேண்டாம். உங்களை வெச்சுக்கணுமாங்கறதைத் திங்கட்கிழமை பேசிப்போம். ஆனா நனைஞ்ச சரக்கை ஒரு கை வாங்கியிருக்கு. மூணுல எது, ஏன் வாங்கித்து? அதுக்குச் சரியான காரணம் இல்லேன்னா அந்தக் கை போகத்தான் வேணும். சாயங்காலத்துக்குள்ள எனக்கு நேரான பதில் வேணும், காரியமாணிக்கம்.”

“சார், இன்னொண்ணு. என் பேரு கரியமாணிக்கம். கால் கிடையாது.”

“என்னது?”

“ககரத்துக்குப் பக்கத்துல கால் கிடையாது சார். வெறும் க.”

“ஓஹோ,” என்றார் ராமாமிர்தம். “மூணு வருஷமா ஏன் ஓய் சொல்லலை?”

ரோஸையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். கொக்கி துவியின் மேசை உண்மையிலேயே துடைத்துக் காலியாக இருந்தது. கம்ப்யூட்டரும் அந்தப் பழுப்பு நோட்டும் மட்டும். கரியமாணிக்கம் இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரையும் ஒன்றாக்கியது நான், சென்னையில் சொல்லிவிட்டேன் என்றார். ரோஸ் அதை வியட்நாமியத்தில் சொன்னாள். அவர் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். நடுவில் ‘காரி’ என்று இரண்டு தடவை வந்தது. துவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அறுபது மூட்டையை ஏற்றுக்கொண்டது நீங்களா?”

“யா,” என்றாள் துவி.

கரியமாணிக்கம் எழுந்திருக்கவில்லை. பேனாவை எடுக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பின்னால் வர வேண்டியது வந்தது. அவள் பேசப் பேச ரோஸ் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“நாந்தான் அழுத்துனேங்குறா. வடக்கேருந்து லாரி மழையில வந்துச்சு. தார்ப்பாய் கிழிசல். மூட்டைய தொட்டாலே கை நனையுது. வேணாம்னு போடலாம்னு பார்த்தா கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமே இல்ல. ‘ஏற்றுக்கொள்’னு ஒரே பொத்தான்தான் இருக்கு. அத அழுத்தாம வாசல் சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லாம காவல்காரன் லாரிய வெளிய விடமாட்டான். ஒம்பது மணி நேரம் லாரி வாசல அடைச்சிக்கிட்டு நின்னுச்சாம். பின்னால பதினோரு லாரி. அப்புறம் அழுத்திட்டாளாம். மூட்டையெல்லாம் மூலையில தனியா அடுக்கி, சாக்கட்டியால பெருக்கல் குறி போட்டு வெச்சாளாம். உற்பத்தி ஆளுங்க வந்து, கம்ப்யூட்டர்ல நல்ல சரக்குன்னு இருக்கே, உன் சாக்கட்டிய யார் நம்புவான்னு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.”

கரியமாணிக்கத்துக்கு அந்தத் திரை ஞாபகம் இருந்தது. ‘மறு’ என்ற பொத்தானும் அதில் உண்டு. அதை இயக்கத் தரக்கட்டுப்பாடு என்று இன்னொரு பிரிவைச் சேர்க்க வேண்டும். அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மறைத்து வைத்தவரும் அவரேதான்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே,” என்றார். குரல் கெஞ்சலாக வந்தது.

துவி நோட்டைப் பிரித்தாள். நான்கு மாதத்துக்கு முந்தைய பக்கம், பயிற்சி நாள். ஓரத்தில் மூன்று முருங்கைக்காயை அழகாக வரைந்து வைத்திருந்தாள். அதன் கீழே ஒரு வரி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டு.

“கேட்டாளாம்,” என்றாள் ரோஸ். “வகுப்பு முடிஞ்சதும் உங்ககிட்ட வந்து, வேணாம்னு போட இடம் இருக்கான்னு கேட்டாளாம். நீங்க தலைய இப்படி ஆட்டுனீங்களாம்.” ரோஸ் தன் தலையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குச் சாய்த்து ஆட்டிக் காட்டினாள். அவர் ஆட்டுவது அச்சாக அப்படியே இருந்தது. சரி சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஆட்டுகிற ஆட்டம். “இந்த ஊர்ல இப்படி ஆட்டினா இல்லன்னு அர்த்தம். அதத்தான் எழுதி வெச்சிருக்கா.”

“என்னன்னு?”

“‘இல்லை’ங்கிற பொத்தானே இல்லை.”

அந்த வரிக்குக் கீழே அறுபது மூட்டை லாரியின் தேதி, நேரம், எத்தனை மூட்டையில் ஈரம், எதில் நீர் சொட்டியது எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. சிஸ்டத்தில் எங்குமே இல்லாத உண்மை முழுதும் எட்டணா அகல நோட்டு ஓரத்தில் இருந்தது. கரியமாணிக்கம் போனை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து ராமாமிர்தத்துக்கு அனுப்பினார். கீழே, ‘கை சரியான கை சார். தலைதான் தப்பு, என்னுடையது’ என்று எழுதினார்.

பதில் வர ஐந்து நிமிடம் ஆனது. ‘அந்தப் பெண் இருக்கட்டும். நோட்டைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்கோ, கரியமாணிக்கம்.’ கால் இல்லை.

ரோஸ் அதை வியட்நாமியத்தில் சொன்னாள். துவி மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். தேநீர்க் குவளை, சின்னத் தொட்டிச் செடி, தங்கையின் படம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கரியமாணிக்கத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது.

“நாளைக்கே அந்த ‘மறு’ பொத்தானை வெச்சுத் தர்றேன். அது போதுமான்னு கேளுங்க அக்கா.”

“நீங்களே கேளுங்க,” என்றாள் ரோஸ். “பேரம் பேசுற அளவுக்கு வியட்நாம் பேசுறீங்களே.”

கேட்டார். தலையை ஆட்டாமல் இருக்கத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“யா,” என்றாள் துவி.

காத்திருந்தார். அவள் ரோஸைப் பார்த்தாள். ரோஸ் மின்விசிறியைப் பார்த்தாள். துவி அவர் பக்கம் திரும்பி, நேராகக் கண்ணைப் பார்த்தாள்.

“ஹோங்.”

இல்லை, போதாது என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் அந்த ஆலையில் அவரிடம் யாரும் சொல்லாத சொல். துவி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, புதுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்தெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக அதன் தலையில் கொக்கியை அழுத்திப் போட்டாள். நோட்டைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தி, கம்ப்யூட்டருக்குச் செரிக்காத அந்தக் கொக்கியின் மேல் விரலை வைத்து, அவருக்குப் புரியும்படி வியட்நாமியத்தில் மெதுவாகச் சொன்னாள்.

“முதல்ல இது.”